லினக்ஸ் கெர்னல் ஆவணங்கள்: எழுதுவது யார், சரிபார்ப்பது யார், சேலத்திலிருந்து யார் சேரலாம்?

சேலத்துப் பொறியியல் கல்லூரிகளில் லினக்ஸ் பக்கம் ஆர்வம் காட்டும் மாணவர்களிடம் சீனியர்கள் வழக்கமாகச் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: "கெர்னல் கோட் உடனே பிடிபடாது, முதலில் டாக்குமென்டேஷனில் ஏதாவது செய், அது சுலபம்." இதில் பாதி சரி. ஆவணங்கள் வழியாகக் கெர்னலுக்குள் நுழையலாம் என்பது உண்மைதான். குழப்பம் 'சுலபம்' என்பதில் இருக்கிறது. எழுத்துப்பிழையைத் திருத்துவது சுலபம். ஒரு வாக்கியம் இன்றைய நிரலுக்கு இன்னும் பொருந்துகிறதா என்று கண்டுபிடிக்க, அந்த நிரலைப் படித்தே ஆக வேண்டும். கெர்னல் ஆவணப் பராமரிப்பில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை வேலை. அது எப்படி நடக்கிறது, சரியாக நடக்காவிட்டால் யாருக்கு என்ன பாதிப்பு, இங்கிருந்து ஒருவர் அதில் எங்கே கைவைக்கலாம் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எதையெல்லாம் ஆவணம் என்கிறோம்?

கணினியின் வன்பொருளுக்கும் நாம் ஓட்டும் செயலிகளுக்கும் நடுவில் நிற்கும் மென்பொருள்தான் கெர்னல். நினைவகத்தை யாருக்கு எவ்வளவு கொடுப்பது, எந்தச் செயலி எப்போது ஓடுவது, வட்டில் எதை எங்கே எழுதுவது என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல் இன்று ஆண்ட்ராய்டு போனிலிருந்து பெரிய சர்வர்கள் வரை ஓடுகிறது. ஏறத்தாழ ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொரு பதிப்பிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் சேர்கின்றன. ஆவணப் பராமரிப்பு எதற்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது என்பது இந்த வேகத்தைப் பார்த்தாலே புரியும்.

'கெர்னல் ஆவணம்' என்ற ஒரே பெயருக்குள் பல வகைகள் இருக்கின்றன:

1. டாக்குமென்டேஷன் ஃபோல்டர். கெர்னல் நிரலோடு சேர்ந்தே வருவது. சர்வரை நிர்வகிப்பவருக்கு ஒரு பகுதி, டிரைவர் (ஒரு வன்பொருளைக் கெர்னல் இயக்க உதவும் நிரல்) எழுதுபவருக்கு ஒரு பகுதி, மாற்றங்களை அனுப்பும் முறைக்கு ஒரு பகுதி என்று படிப்பவரை வைத்துப் பிரிக்கப்பட்டிருக்கிறது.

2. நிரலுக்குள்ளேயே இருக்கும் குறிப்புகள். ஒரு ஃபங்ஷனுக்கு மேலே, சாய்கோடும் இரண்டு நட்சத்திரக் குறிகளும் போட்டுத் தொடங்கும் குறிப்பை 'கெர்னல்-டாக்' என்பார்கள். அதைத் தனியாகப் பிரித்தெடுத்து நூல் வடிவில் அச்சிட ஒரு கருவி உண்டு.

3. ஏ.பி.ஐ. விவரங்கள் (ABI, API அல்ல). கெர்னல் வெளியுலகத்துக்குக் காட்டும் ஒவ்வொரு கோப்பும் என்ன தரும், எந்த அலகில் தரும் என்ற பட்டியல். நிலையானவை, சோதனையில் உள்ளவை, காலாவதியானவை, நீக்கப்பட்டவை என்று நான்கு பிரிவுகள். நிலையானவை என்று குறிக்கப்பட்டவை குறைந்தது 2 ஆண்டுகளுக்கு மாறாமல் இருக்கும் என்ற உறுதிமொழியும் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

4. டிவைஸ் ட்ரீ விவரங்கள். ஒரு போர்டில் எந்தச் சிப் எங்கே இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் முறை.

5. மேன் பக்கங்கள். டெர்மினலில் 'மேன்' என்று அடித்தால் வருபவற்றில் சிஸ்டம் கால்கள் (செயலிகள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) பற்றியவை. இவை கெர்னலுக்கு வெளியே, தனித் திட்டமாகப் பராமரிக்கப்படுகின்றன.

85 டிகிரி காட்டும் சென்சார்

ஏ.பி.ஐ. விவரம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு உதாரணத்தில் பார்க்கலாம். ஏற்காட்டுக் காபித் தோட்டம் ஒன்றில், கொட்டை காயப்போடும் களத்தில் வெப்பநிலையை அளக்க ஒரு கல்லூரிக் குழு ராஸ்பெர்ரி பை போர்டும் டி.எஸ்.18பி20 என்ற விலை மலிவான சென்சாரும் வைப்பதாக எடுத்துக்கொள்வோம். கெர்னல் அந்தச் சென்சாரை ஒரு கோப்பாகக் காட்டும். திறந்து பார்த்தால் 23062 என்று இருக்கும். ஆயிரத்தால் வகுத்தால் 23.062 டிகிரி செல்சியஸ். ஆயிரத்தால் வகுக்க வேண்டும் என்பது அந்த எண்ணைப் பார்த்தால் தெரியாது. ஆவணத்தில் மட்டுமே இருக்கிறது.

இது ஊகித்துவிடக்கூடிய விஷயம்தான். அடுத்தது அப்படியல்ல. சில நேரம் கோப்பில் திடீரென்று 85000 வரும். கோடையில்கூட 30 டிகிரியை ஒட்டி நிற்கும் ஊரில் 85 டிகிரி எங்கிருந்து வந்தது? சென்சாருக்கு மின்சாரம் வந்தவுடன் அதன் பதிவேட்டில் இருக்கும் தொடக்க மதிப்பே 85 டிகிரிதான். 12 பிட் துல்லியத்தில் ஒரு அளவீட்டை முடிக்க அதற்கு முக்கால் விநாடி வரை ஆகும். அளவீடு முடியாமலோ தோற்றுப்போயோ இருக்கும்போது படித்தால், அந்தப் பழைய 85 கைக்கு வரும். மின்சாரம் போதாதபோது 127.94 என்று இன்னொரு பொய் மதிப்பும் வரும். களத்தின் கோடிவரை நீளமாக ஒயர் இழுத்தால் இந்த இரண்டும் எதிர்பார்க்க வேண்டியவை.

கெர்னலின் டபிள்யூ1-தெர்ம் டிரைவருக்கான ஆவணத்தில் இதற்கு வழி இருக்கிறது. 'ஃபீச்சர்ஸ்' என்ற கோப்பில் 1 என்று எழுதினால், டிரைவர் ஒவ்வொரு அளவீட்டையும் சோதித்து, 85.00 அல்லது 127.94 என்ற பொய் மதிப்பாக இருந்தால் எண்ணுக்குப் பதில் பிழை என்று சொல்லிவிடும். இந்தச் சில வரிகளைப் படிக்காத குழு என்ன செய்யும்? 80-க்கு மேல் வந்தால் தள்ளிவிடு என்று தன் நிரலில் ஒரு நிபந்தனை போடும், அல்லது சென்சாரைக் குறை சொல்லி மாற்றும். வசதி கெர்னலுக்குள் இருந்தும் அவர்களைப் பொறுத்தவரை இல்லாததற்குச் சமம்.

இதனால்தான் ஆவணத்தை நிரலோடு ஒட்டிய விளக்கக் குறிப்பு என்று மட்டும் பார்க்கக் கூடாது என்கிறேன். எண்ணின் அலகு என்ன, எந்த மதிப்பை நம்பலாம், எது நாளை மாறலாம் என்று கெர்னல் வெளியுலகத்துக்குக் கொடுக்கும் வாக்கு அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.

ஒரே அமைப்பு, மாறிய அர்த்தம்

எழுதும்போது சரியாக இருந்த ஆவணம் எப்படித் தவறாகிறது என்பதற்கு 'ஸ்வாப்பினஸ்' நல்ல சாட்சி. நினைவகம் நிரம்பும்போது, செயலிகளின் நினைவகப் பக்கங்களை வட்டுக்கு நகர்த்துவதா (இதுதான் ஸ்வாப்), கோப்புகளுக்காக வைத்திருக்கும் தற்காலிகப் பக்கங்களை விடுவிப்பதா என்று கெர்னல் தேர்ந்தெடுக்க வேண்டும். எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று நாம் சொல்லும் எண்தான் ஸ்வாப்பினஸ். வழக்கமான மதிப்பு 60.

ஐந்து ரோடு பக்கம் ஒரு சிறிய அலுவலகத்தின் பில்லிங் சர்வர் மெதுவாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்ப்பவர் இணையத்தில் தேடி, "ஸ்வாப்பினஸை 0 ஆக்குங்கள்" என்ற பழைய ஆலோசனையைப் பிடிக்கிறார். அது எழுதப்பட்ட காலத்தில் அது தவறான ஆலோசனையும் அல்ல. 0 என்றால் 'முடிந்தவரை தவிர்' என்ற அளவில்தான் அப்போது வேலை செய்தது. 2012-ல் வந்த 3.5 பதிப்பில் நிலைமை மாறியது. 0 கொடுத்தால், காலி இடமும் கோப்புப் பக்கங்களும் சேர்ந்து ஒரு எல்லைக்குக் கீழே போகும்வரை கெர்னல் ஸ்வாப் பக்கமே போகாது. விளைவு, ஸ்வாப் இடம் காலியாக இருக்கும்போதே நினைவகம் தீர்ந்து, கெர்னல் ஏதாவது ஒரு செயலியைக் கொன்றுவிடும் நிலை வரலாம். பெரும்பாலும் அதிக நினைவகம் வைத்திருப்பது டேட்டாபேஸ்தான், அதனால் அடியும் முதலில் அதற்குத்தான்.

2020-ல் வந்த 5.8 பதிப்பில் இன்னொரு மாற்றம். அதுவரை 0 முதல் 100 வரை இருந்த வரம்பு 200 வரை விரிந்தது. இரண்டு வகை இடமாற்றத்துக்கும் ஆகும் செலவின் ஒப்பீடு இது என்று ஆவணமும் திருத்தி எழுதப்பட்டது. 100 என்றால் இரண்டுக்கும் சமமான செலவு. நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம் போன்ற ஸ்வாப் இருந்தால் 100-க்கு மேலும் போகலாம். இன்றைய அதிகாரபூர்வ ஆவணம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஆனால் தேடலில் முன்னால் வந்து நிற்பவை, 'சதவீதம்' என்று விளக்கும் பழைய குறிப்புகள். ஆகவே சர்வரைத் தொடும் ஒவ்வொருவருக்கும் என் பரிந்துரை இதுதான்: முதலில் உங்கள் கெர்னல் பதிப்பு என்ன என்று பாருங்கள், அப்புறம் அதே பதிப்பின் ஆவணத்தைத் திறங்கள். நிரலும் ஆவணமும் ஒரே களஞ்சியத்தில் இருப்பதன் பெரிய பயனே, எந்தப் பதிப்புக்கும் அதற்குரிய ஆவணம் கிடைப்பதுதான். ஒரு எச்சரிக்கை: நிறுவனங்களுக்கான சில லினக்ஸ் வெளியீடுகள் புதிய மாற்றங்களைப் பழைய பதிப்பு எண்ணுக்குள்ளேயே கொண்டுவந்து வைத்திருக்கும். அங்கே அந்த வெளியீட்டின் சொந்தக் குறிப்புகளையும் பார்க்க வேண்டும்.

பராமரிப்பவர்கள் யார்?

கெர்னலின் மேல்மட்டத்தில் 'மெயின்டெய்னர்ஸ்' என்று ஒரு கோப்பு இருக்கிறது. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்று அதில் எழுதியிருக்கும். ஆவணங்களுக்கு 2014 முதல் ஜோனாதன் கார்பெட் பொறுப்பாளராக இருந்துவருகிறார். ஆனால் எல்லா ஆவணமும் அவர் கையில் இல்லை. ஏ.பி.ஐ. விவரங்கள், டிவைஸ் ட்ரீ போன்றவை அவருடைய பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டு, அந்தந்தத் துறைப் பராமரிப்பாளர்களிடம் இருக்கின்றன. இது சரியான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். நினைவக மேலாண்மை பற்றிய வாக்கியம் உண்மையா என்று சொல்ல நினைவக மேலாண்மை தெரிந்தவர் வேண்டும். ஆவணப் பொறுப்பாளர் அமைப்பையும் கருவிகளையும் நடையையும் பார்த்துக்கொள்ளலாம், எல்லாத் துறைகளின் உண்மைக்கும் ஒருவரே உத்தரவாதம் தர முடியாது.

கருவிகளைப் பொறுத்தவரை பெரிய திருப்பம் 2016-ல் வந்தது. அதற்கு முன் டாக்புக் என்ற எக்ஸ்.எம்.எல். வடிவம் பயன்பாட்டில் இருந்தது. திறக்கும் குறி, மூடும் குறி என்று எழுதுபவரை வாட்டும் வடிவம் அது, அச்சிடும் கருவிகளும் எளிதில் உடையும். 4.8 பதிப்பிலிருந்து ஸ்ஃபிங்க்ஸ் என்ற கருவியும், சாதாரண உரையாகவே படிக்கக்கூடிய ஆர்.எஸ்.டி. வடிவமும் வந்தன. பழைய உரைக் கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் வேலை அதற்குப் பிறகு பல ஆண்டுகள் ஓடியது.

விதிகளும் உண்டு. மாற்றம் அனுப்புபவர்களுக்கான சரிபார்ப்புப் பட்டியலில், புதிய பூட் அளவுரு, புதிய 'ப்ராக்' கோப்பு, பயனர் பக்கம் தெரியும் புதிய இடைமுகம் எதைச் சேர்த்தாலும் ஆவணமும் சேர வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் புதிதாகச் சேர்ப்பதைப் பிடிப்பது எளிது. ஏற்கெனவே இருக்கும் ஒன்றின் நடத்தை சற்றே மாறும்போது, எங்கோ வேறொரு கோப்பில் அதைப் பற்றி ஒரு வரி இருப்பது மாற்றியவருக்கே நினைவுக்கு வராது.

கருவி எதைப் பிடிக்கும், எதை விடும்?

இயந்திரம் சரிபார்க்கக்கூடிய பகுதி ஆண்டுக்காண்டு கூடிவருகிறது. கெர்னல்-டாக் குறிப்பில் இருக்கும் அளவுருப் பெயர்களும் ஃபங்ஷனில் இருப்பவையும் பொருந்தாவிட்டால் எச்சரிக்கை வரும். ஒரு ஆவணம் இல்லாத கோப்பைச் சுட்டினால் அதைக் கண்டுபிடிக்கத் தனி ஸ்கிரிப்ட் இருக்கிறது. டிவைஸ் ட்ரீ விவரங்களில் பெரும்பகுதி யாமல் வடிவத்துக்கு மாறிவிட்டதால், அதில் உள்ள உதாரணங்களையே கருவி தொகுத்துப் பார்த்துத் தவறைச் சொல்லிவிடும்.

பெயர் சரியா என்பதைத்தான் இவை பார்க்கும். "இந்த லாக்கைப் பிடித்துக்கொண்டுதான் இந்த ஃபங்ஷனை அழைக்க வேண்டும்" என்ற வாக்கியம் உண்மையா என்று எந்தக் கருவியும் சொல்லாது. (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுப்பதுதான் லாக்.) நிரலில் அந்த லாக் போய் வேறு லாக் வந்திருக்கலாம். வாக்கியம் இலக்கணப் பிழையில்லாமல், எச்சரிக்கை எதுவும் வராமல், பொய்யாக நின்றுகொண்டிருக்கும். அதை நம்பி டிரைவர் எழுதினால், வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வரும், காரணம் பிடிபடாத உறைவு பரிசாகக் கிடைக்கும்.

இந்தப் பொய்கள் ஏன் இத்தனை காலம் உயிரோடு இருக்கின்றன? ஏற்காடு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் பலகைகள் வைத்திருக்கிறார்கள். பாதையைத் திருத்திவிட்டுப் பலகையை அப்படியே விட்டால், தினமும் வண்டி ஓட்டுபவர் பலகையைப் பார்ப்பதே இல்லை என்பதால் அவருக்குத் தெரியாது. முதல்முறை வருபவர் பார்ப்பார், ஆனால் பலகை தவறு என்று அவருக்குத் தெரியாது. கெர்னலிலும் இதுதான் நடக்கிறது. தவறைக் கண்டுபிடிக்கக்கூடிய நிபுணர் ஆவணத்தைப் படிப்பதில்லை. படிக்கும் புதியவர், பொருந்தாததைக் கண்டால் தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். அந்தப் புதியவரின் சந்தேகம்தான் ஆவணப் பராமரிப்புக்கு மிகவும் தேவைப்படும் கச்சாப் பொருள். கல்லூரி மாணவர்களால் உண்மையிலேயே கொடுக்க முடிந்ததும் அதுவே.

பணம் என்ற பிரச்சினை

மேன் பக்கங்களை 2004 முதல் நீண்ட காலம் மைக்கேல் கெரிஸ்க் பராமரித்தார். 2020-ல் அலெஹாந்த்ரோ கொலோமார் இணைந்து, பின்னர் பொறுப்பை ஏற்றார். 2024 செப்டம்பரில், ஊதியமில்லாமல் இனி இந்த வேலையைத் தொடர முடியாது என்று அவர் அறிவித்தார். உலகம் முழுக்க நிரலர்கள் நாள்தோறும் திறக்கும் பக்கங்கள் அவை. பிறகு சில நிறுவனங்கள் சேர்ந்து நிதி கொடுக்க முன்வந்ததால் பணி தொடர்ந்தது. புதிய டிரைவர் எழுத நிறுவனங்கள் ஆட்களைச் சம்பளத்துக்கு வைக்கின்றன, ஏனென்றால் டிரைவர் இல்லாமல் சிப் விற்காது. இருபது ஆண்டுப் பழைய பக்கத்தைத் திருத்த யாரும் அப்படி ஆள் வைப்பதில்லை. இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் தீரவில்லை.

சேலத்திலிருந்து எங்கே தொடங்கலாம்?

2020 அக்டோபரில், திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வின்போது, டி-ஷர்ட்டுக்காக உலகெங்கும் பலர் திறமூலத் திட்டங்களின் ரீட்மீ கோப்புகளில் அர்த்தமற்ற திருத்தங்களைக் கொட்டினார்கள். பராமரிப்பவர்கள் திணறிப்போய், விரும்பும் திட்டங்கள் மட்டும் பங்கேற்கும்படி அந்த மாதத்திலேயே விதி மாற்றப்பட்டது. 'ஆவணம் சுலபம்' என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அதுவே உதாரணம். கெர்னலில் கீழ்க்கண்ட வரிசை பொருத்தமாக இருக்கும்.

1. ஓரிரு எழுத்துப்பிழைகள். பேட்ச் (செய்த மாற்றத்தை மட்டும் காட்டும் கோப்பு) தயாரிப்பது, கையொப்ப வரி சேர்ப்பது, யாருக்கு அனுப்புவது என்று ஸ்கிரிப்ட் மூலம் கண்டுபிடிப்பது ஆகிய நடைமுறைகள் இதில் பழகிவிடும். இத்தகைய திருத்தங்கள் எப்போதும் வரவேற்கப்படும் என்று கெர்னலின் ஆவண வழிகாட்டியே சொல்கிறது. கூடவே, சில திருத்தங்களுக்குப் பிறகு அடுத்த வேலைக்கு நகருங்கள், அடுத்து வரும் புதியவருக்கும் கொஞ்சம் பிழைகளை விட்டுவையுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறது. அமெரிக்க, பிரிட்டிஷ் எழுத்துமுறை இரண்டும் ஏற்கப்படுபவை, ஒன்றை மற்றொன்றாக மாற்றி அனுப்ப வேண்டாம்.

2. ஆவணங்களைத் தொகுக்கும்போது வரும் எச்சரிக்கைகள். எச்சரிக்கையை அடக்குவது நோக்கமல்ல. அளவுருவுக்கு விளக்கம் இல்லை என்று வந்தால், நிரலைப் படித்து அது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு எழுத வேண்டும். பெயரையே திருப்பிச் சொல்லி ஒரு வரி போட்டால் எச்சரிக்கை மறையும், படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. இயந்திரம் எழுதித்தரும் விளக்கத்தை நிரலோடு ஒப்பிடாமல் அனுப்புவது இதைவிட மோசம். படிக்க நன்றாக இருக்கும் தவறான வாக்கியத்தைக் கண்டுபிடிக்கப் பின்னால் வருபவருக்கு இரட்டிப்பு நேரம் ஆகும்.

3. கையில் இருக்கும் வன்பொருளை வைத்துச் சரிபார்ப்பது. கல்லூரி ஆய்வகங்களில் சென்சார்கள், சிறு போர்டுகள் கிடைக்கும். டிரைவரின் ஆவணத்தை வரிவரியாக எடுத்து, சொன்னபடி கோப்பு இருக்கிறதா, சொன்ன அலகில் எண் வருகிறதா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் ஆவணமும் தவறாக இருக்கலாம், டிரைவரில் பிழையும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்க நிரலின் மாற்ற வரலாற்றைப் படிக்க நேரும். என் கணிப்பில் ஒரு பருவத்து மினி புராஜெக்ட்டுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை அரிது.

4. நீக்குவது. இல்லாமல்போன வசதியைப் பற்றிய பக்கம், இல்லாத பக்கத்தைவிடக் கெடுதல். நீக்கும் பேட்சில், அந்த வசதி எந்தப் பதிப்பில் எந்த மாற்றத்தால் போனது என்று எழுதினால் பராமரிப்பவர் நம்பி ஏற்பார். ஒன்றைப் படிப்படியாக ஒழிக்க ஆவணம் உதவிய கதையும் உண்டு. எழுத்துச் சரங்களைப் பாதுகாப்பில்லாமல் நகலெடுக்கும் ஃபங்ஷன்களை 'பயன்படுத்தாதீர்கள்' என்று ஒரு பட்டியலில் எழுதி வைத்தார்கள். அதிலிருந்த 'எஸ்.டி.ஆர்.எல்.சி.பி.ஒய்.' என்பதைப் பயன்படுத்திய இடங்கள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, 2024-ல் வந்த 6.8 பதிப்பில் அது முழுதாக நீக்கப்பட்டது.

தமிழில் கொண்டுவரலாமா?

கெர்னல் களஞ்சியத்துக்குள்ளேயே மொழிபெயர்ப்புகளுக்கு ஒரு ஃபோல்டர் இருக்கிறது. சீனம், ஜப்பானியம், கொரியம், இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகள் அதில் இருக்கின்றன. தமிழ் இல்லை. அதிகாரபூர்வமானது ஆங்கில மூலம் மட்டுமே, மொழிபெயர்ப்பு புரிதலுக்கு உதவ என்று அங்கேயே குறிப்பும் உண்டு. மூலம் மாறிய பிறகு எந்த மொழிபெயர்ப்பு எத்தனை மாற்றங்கள் பின்தங்கியிருக்கிறது என்று காட்டும் ஸ்கிரிப்ட்டையும் சேர்த்திருக்கிறார்கள்.

தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கணியம் மின்னிதழ் 2012 முதல் அதைச் செய்துவருகிறது. ஆகவே எழுத ஆள் இல்லை என்று சொல்ல மாட்டேன். எதை எடுப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். ஸ்வாப்பினஸ் போல நடத்தை மாறிக்கொண்டே இருக்கும் பக்கங்களை எடுத்தால், பழைய ஆலோசனைகளின் குவியலில் தமிழிலும் ஒன்று சேரும். பிழையை எப்படித் தெரிவிப்பது, பேட்சை எப்படி அனுப்புவது போன்ற நடைமுறைப் பக்கங்கள் மெதுவாகவே மாறுகின்றன, புதியவர்கள் முதலில் தேடுவதும் அவற்றைத்தான். இரண்டு பக்கங்களோடு தொடங்கி, ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் அந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டிப் பார்த்து மாறியதை மட்டும் திருத்தினால், மூன்று நான்கு பேர் கொண்ட குழுவுக்கு அது தாங்கக்கூடிய வேலை. கல்லூரிக் குழுவாக இருந்தால், இறுதியாண்டு முடித்துப் போகிறவர் போகும் முன்பே அடுத்தவர் பெயரை மெயின்டெய்னர்ஸ் கோப்பில் சேர்க்க ஒரு பேட்ச் அனுப்பிவிட வேண்டும்.